பிறவிநோயும் பழவினையும்



மனிதன் துன்புறும்போது அவன் வாயினின்று முதலில் எழும் வினா "ஏன்?" என்பதேயாகும். இச்சிறு சொல்லினுள் இரண்டு வினாக்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று "எதனால்?" என்பது, மற்றொன்று "எதற்காக?" என்பது. முன்னது காரணத்தைத் தேடுகிறது. பின்னது குற்றத்தையும் அதற்குரிய தண்டனையையும் தேடுகிறது. கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவன் "எதனால் ஒழுகுகிறது?" என்று கேட்பானாயின், ஏணி வைத்து ஏறி உடைந்த ஓட்டை மாற்றுவான். "எதற்காக என் தலையில் ஒழுகுகிறது?" என்று கேட்பானாயின், நனைந்தபடியே இருந்து தன்னை நொந்துகொள்வான். இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொண்டதனால் நம் நாட்டில் விளைந்த தீங்கு கொஞ்சமன்று. அத்தீங்கு இன்றும் நம் வீடுகளுக்குள் நடமாடுகின்றது என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சில திங்களுக்கு முன்னர், ஞாயிற்றுக்கிழமை அறவுரை முடிந்தபின், நம் அன்பர் குடும்பத்தைச் சேர்ந்த இளந்தாய் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவளுடைய ஆண் குழந்தைக்கு அப்பொழுது ஐந்து மாதம். கழுத்து நிற்கவில்லை. கைகால்கள் துவண்ட துணிபோல் இருந்தன. பால் குடிக்கையில் மூச்சிரைத்தது. மருத்துவமனையில் நெஞ்சுப் படம் எடுத்தபோது இதயம் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கக் கண்டனர். பின்னர் இரத்தச் சோதனையில் அது "பொம்பே நோய்" என்னும் பரம்பரை நோய் என்று தெரியவந்தது. அத்தாய் கேட்டது நோயைப் பற்றியன்று. "ஐயா, இது போன பிறவியில் செய்த பாவம் என்று என் மாமியார் சொல்லுகிறார். பால் மணம் மாறாத இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அல்லது நான்தான் செய்தேனா?" என்பதே அவள் கேள்வி. அவளுக்கு நான் அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கு விரித்துச் சொல்லுகிறேன். ஏனெனில் இது அவள் ஒருத்தியின் கேள்வியன்று.

நோயின் இயல்பு

முதலில் "எதனால்?" என்பதைக் காண்போம். நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை உடல் அன்றைக்கே செலவழித்துவிடாமல் கிளைக்கோஜன் என்னும் பொருளாக்கிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. தேவைப்படும்போது அதை உடைத்து மீண்டும் சர்க்கரையாக்கிக் கொள்கிறது. உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களினுள்ளும் லைசோசோம் என்னும் மிகச் சிறிய பைகள் உண்டு. பழையனவற்றையும் மிகுந்தனவற்றையும் உள்ளே இழுத்து, உடைத்து, மறுபடி பயன்படும் பொருளாக வெளியே விடுவது அவற்றின் தொழில். அங்கே வந்து சேரும் கிளைக்கோஜனை உடைப்பதற்கென்றே ஓர் என்சைம் இருக்கிறது. அமில ஆல்பா குளுக்கோசிடேஸ் என்பது அதன் பெயர். அந்த என்சைமை ஆக்கும் கட்டளை நம் 17-ஆவது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. அக்கட்டளையில் பிழை நேர்ந்தால் என்சைம் உண்டாவதில்லை. அல்லது மிகக் குறைவாக உண்டாகிறது.

அப்பொழுது நிகழ்வது யாது? நூற்பாலையில் வேலை செய்த அன்பர்கள் இதை எளிதில் உணர்வர். பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் நாள்தோறும் கழிவுப் பஞ்சு விழும். அதை அள்ளிச் செல்வதற்கென்று ஆட்கள் உண்டு. அவ்வாட்கள் ஒரு வாரம் வாராது போயின், எந்திரத்தில் ஒரு பழுதும் இல்லாதிருந்தும், கழிவு குவிந்து, உருளைகளில் சிக்கி, எந்திரம் நின்றுவிடும். அதுபோலவே உடைபடாத கிளைக்கோஜன் அப்பைகளில் நிறைந்து, பைகள் உப்பி, சில வெடித்து, தசை நார்களை ஒதுக்கித் தள்ளிச் சிதைத்துவிடுகின்றன. ஓயாது உழைக்கும் தசையாகிய இதயம் தடித்துப் பெருக்கிறது. மூச்சை இழுக்கும் தசைகள் தளர்கின்றன.

என்சைம் ஏறக்குறைய அறவே இல்லாத குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நோய் வெளிப்படும். சிகிச்சையில்லையேல் அவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோவர். என்சைம் ஓரளவு உள்ளவர்களுக்கோ நோய் சிறுவயதிலோ, நாற்பதிலோ, அறுபதிலோகூடத் தலைகாட்டும். அவர்களுக்கு இதயம் பெரும்பாலும் தப்பிவிடும். இடுப்பும் தொடையும் முதலில் வலுவிழக்கும். படியேற முடியாது. தரையில் அமர்ந்தால் தொடையில் கையூன்றித்தான் எழ முடியும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். விடியற்காலையில் தலைவலியோடு எழுவர். இத்தகையவர் வேலைத்தலத்தில் பெறும் பட்டம் யாதெனில், "சோம்பேறி" என்பதே. ஆலைகளில் பளு தூக்க மாட்டாதவனை மேஸ்திரி எப்படி ஏசுவார் என்பதை நாம் அறிவோம். அவ்வாறு ஏசப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் நோயாளிகளோ, யார் கண்டார்! காரணம் அறியாத இடத்தில் பழி முந்திக்கொண்டு வந்து அமர்ந்துவிடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

காரணம் கண்டவர்கள்

1932-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த யோஹன்னஸ் பொம்பே என்னும் டாக்டர், இதயம் பெருத்து இறந்த ஏழு மாதக் குழந்தையொன்றைப் பற்றி எழுதி வெளியிட்டார். இறந்த குழந்தையின் தசைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உயிரணுக்கள் கிளைக்கோஜனால் நிறைந்து உப்பியிருந்ததை அவர் கண்டார். அன்று அந்நோய்க்கு மருந்து ஏதும் இல்லை. அக்குழந்தைக்கு அவரால் செய்யக்கூடியதும் ஒன்றில்லை. எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். பின்னர் நாஜிகள் ஹாலந்தைப் பிடித்துக்கொண்டபோது, அவர் அவர்களை எதிர்த்த இரகசிய இயக்கத்துக்கு உதவினார். அதனால் சிறைப்பட்டு, 1945 ஏப்ரல் 15 அன்று மற்றக் கைதிகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று வாரத்துக்குள் அந்நாடு விடுதலை பெற்றது.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். 1955-இல் பெல்ஜிய நாட்டின் கிறிஸ்தியான் த தூவ் என்பவர் லைசோசோம்களைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். 1974-இல் நோபல் பரிசும் பெற்றார். 1963-இல் அதே நாட்டைச் சேர்ந்த ஹெர்ஸ் என்பவர், பொம்பே கண்ட நோய்க்குக் காரணம் அந்த லைசோசோமில் இருக்க வேண்டிய ஓர் என்சைம் இல்லாமையே என்று நிறுவினார். இல்லாத என்சைமை வெளியில் ஆக்கிக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இவ்வறிவிலிருந்தே பிறந்தது. ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர் 1990-களின் இறுதியில், முயலின் பாலில் அந்த என்சைமை உண்டாக்கிக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். பின்னர் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் அதை ஆக்கும் முறை வந்தது. 2006-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், நரம்பின் வழியே அதனைச் செலுத்துதல் வேண்டும். அது நோயை வேரோடு களைவதன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரேயளவில் பயன்படுவதுமன்று. ஆயினும் ஓராண்டுக்குள் இறந்திருக்க வேண்டிய குழந்தைகள் பலர் அதனால் உயிர் பிழைத்து வளர்ந்திருக்கின்றனர்.

1932-இலிருந்து 2006 வரை 74 ஆண்டுகள். இந்நெடும்பாதையில் நடந்தவர்கள் அனைவரும் கேட்டது "எதனால்?" என்பது ஒன்றே. அக்குழந்தையைப் பார்த்துப் பொம்பே "இது பாவத்தின் சம்பளம்" என்று எண்ணியிருப்பாராயின், நுண்ணோக்கியைத் திறந்திருக்கவே மாட்டார். பழவினை என்னும் விடையில் உள்ள பெருங்குறை இதுவேயாகும். அது பொய்யா மெய்யா என்பது ஒருபுறமிருக்க, அது எல்லாத் தேடலையும் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறது. துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதற்கு நீக்கம் உண்டு, நீக்கும் வழி உண்டு என்று நான்கு வாய்மைகளைப் பகவன் வகுத்தது, மருத்துவன் நோயை அணுகும் முறையையே ஒத்திருக்கிறது. காரணத்தை அடுத்து வருவது நீக்கம். தண்டனையை அடுத்து வருவது ஒன்றுமில்லை.

பகவன் கூறியது யாது?

இங்கே ஓர் அன்பர் எழுந்து, "வினைப்பயன் என்பது பௌத்தத்திலும் உள்ளதுதானே? உயிர்களைத் துன்புறுத்துபவன் மறுபிறவியில் நோயாளியாவான் என்று சூத்திரங்களே கூறவில்லையோ?" என்று கேட்கலாம். கேட்பது முறையே. அத்தகைய சூத்திரங்கள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுதல் நமக்கு அழகன்று. ஆயினும் இதே கேள்வி பகவனிடம் நேருக்கு நேர் கேட்கப்பட்ட இடமொன்றும் உண்டு. அதற்கு அவர் அளித்த விடையை நாம் அறிதல் வேண்டும்.

ராஜகிருகத்து வேணுவனத்தில் பகவன் தங்கியிருந்தபோது, மோலிய சிவகர் என்னும் துறவி அவரிடம் வந்து, மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையாலேயே வருகின்றன என்று சிலர் கூறுகின்றனரே, அதைப்பற்றித் தங்கள் கருத்து யாது என்று வினவினார். சம்யுத்த நிகாயத்தில் இவ்வுரையாடல் இடம்பெற்றிருக்கிறது. பகவன் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் சேர்க்கை, பருவ மாறுபாடு, ஒவ்வாத நடையுடை உணவுகள், பிறரால் நேரும் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன் என்பன அவை. எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதுவே காரணமென்று சாதிப்போர், தாமாக அறியக்கூடியதையும் மீறுகின்றனர், உலகம் ஒப்பிய உண்மையையும் மீறுகின்றனர், ஆதலின் அவர் கூற்றுத் தவறு என்று அவர் தெளிவாகக் கூறிவிட்டார். வாதமும் பித்தமும் அக்காலத்து மருத்துவ அறிவு. இன்று அவர் பேசியிருப்பின் அப்பட்டியலில் என்சைமும் குரோமோசோமும் இடம்பெற்றிருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை.

இன்னும் ஒன்று. வினையின் பயன் இன்னவாறு விளையும் என்பது சிந்தனைக்கு எட்டாத நான்கினுள் ஒன்று என்றும், அதைத் துருவிக்கொண்டிருப்பவன் மனம் கலங்கிப்போவான் என்றும் அங்குத்தர நிகாயம் எச்சரிக்கிறது. அங்ஙனமாயின், ஒரு குழந்தையின் தொட்டிலருகில் நின்று "இது இன்ன பாவத்தின் பயன்" என்று தீர்ப்புக் கூறுவதற்கு மாமியாருக்கும் சோதிடருக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? வினைக் கொள்கையை முழுமையாக ஏற்பவருங்கூட, இக்குழந்தையின் இந்நோய் அவ்வெட்டாவது காரணத்தால் வந்தது என்று சொல்லும் அறிவு தமக்கில்லை என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அறியாததை அறிந்ததாகச் சொல்லுதல் பொய். அதுவும் ஒரு தாயின் நெஞ்சைப் பிளக்கும் பொய்யாயின், அது வாய்மையையும் கொன்று கருணையையும் கொல்வதாகும்.

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் இதனினும் ஒருபடி மேலே சென்றார். 1957-இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் தம் நூலில், பழம்பிறவி வினை இப்பிறவியின் நிலையை முடிவு செய்கிறது என்னும் கொள்கை பகவனுடைய அடிப்படைப் போதனைக்கு ஒவ்வாதது என்று அவர் வாதித்தார். உடலின் இயல்புகள் பெற்றோரிடமிருந்து வருகின்றன என்னும் மரபியல் அறிவையும் அவ்விடத்தில் எடுத்துக்காட்டினார். ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் படும் துன்பத்துக்கு அரசும் சமுதாயமும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ளவே அக்கொள்கை உதவுகிறது என்பது அவர் முடிபு.

அன்பர்களே! இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நம் பாட்டனும் பூட்டனும் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாதென்று விலக்கப்பட்டபோது, அவர்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம் யாது? "முற்பிறவியில் செய்த பாவத்தால் இக்குலத்தில் பிறந்தீர்கள்" என்பதன்றோ? அச்சொல்லைப் பொய்யென்று உதறியெறிந்துதான் நாம் திரிசரணம் ஏற்றோம். நம்மைப்பற்றிச் சொன்னபோது பொய்யாக இருந்த சொல், நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப்பற்றிச் சொல்லும்போது மெய்யாகிவிடுமோ? வாசலில் துரத்திவிட்ட பாம்பைக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே விடலாமோ? பிறப்பினால் எவனும் இழிந்தவனல்லன் என்பது நம் உறுதியாயின், பிறவிநோயினாலும் எவனும் இழிந்தவனல்லன் என்பது அதனுள் அடங்கியதேயாகும்.

குற்றவாளி யார்?

பழவினையைத் தள்ளியபின்னும் பழி தீர்வதில்லை. அது இடம் மாறி மருமகளின் தலையில் வந்து விழுகிறது. "உன் வயிற்றுக் கோளாறு", "உன் வீட்டு இரத்தம்" என்று ஏசுகின்றனர். இங்கே மரபியல் நமக்குக் கூறுவது யாது? அந்த என்சைமுக்குரிய கட்டளை ஒவ்வொருவருக்கும் இரண்டு படிகளாக அமைந்திருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு படியில் பிழையிருந்து மற்றது நன்றாயிருப்பின், அவருக்கு நோய் இல்லை. தம்மிடம் அப்பிழை இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு படியும் பிழையானால்தான் நோய் வரும். ஆகவே இந்நோயுள்ள குழந்தைக்குப் பிழையான படியைத் தாய் எவ்வளவு கொடுத்தாளோ அவ்வளவே தந்தையும் கொடுத்திருக்கிறான். மருமகளை மட்டும் பழிப்பவர், கணக்கில் பாதியை மறைத்துப் பேசுகின்றனர்.

இருவரும் இவ்வாறு பிழையைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டு பங்கு, பெற்றோரைப்போலவே நோயின்றிச் சுமப்பதற்கு. ஒரு பங்கு, பிழையே இல்லாதிருப்பதற்கு. நான்கு சீட்டுப் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது போன்றது இது. மூத்த பிள்ளை நன்றாயிருந்தது இளையதைக் காப்பதில்லை. மூத்ததற்கு நோய் வந்தது இளையதை விலக்கிவிடுவதுமில்லை. சீட்டு எடுத்த கைக்கு நன்மை தீமை தெரியாது. இதில் "எதனால்?" என்பதற்கு விடை உண்டு, "எதற்காக?" என்பதற்கு விடையே இல்லை. விடையில்லாத கேள்விக்கு வலிந்து ஒரு குற்றவாளியைப் படைப்பதுதான் அதர்மம்.

இந்நோய் ஏறக்குறைய நாற்பதாயிரம் பிறப்பில் ஒன்று என்று பொதுவாகக் கணக்கிடுவர். அதன்படி நோயின்றிப் பிழையைச் சுமப்பவர் நூற்றில் ஒருவர். அந்நியர் இருவர் மணந்தால் இருவருமே சுமப்பவராக அமைவது அரிது. ஆனால் நம் தமிழரிடையேயும் தென்னாட்டார் பிறரிடையேயும் தாய்மாமனையும் அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது நெடுங்கால வழக்கு. ஒரு பெண் தன் தாய்வழியே இப்பிழையைப் பெற்றிருப்பாளாயின், அவளுடைய தாய்மாமனும் அதைச் சுமப்பதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நூற்றில் ஒன்று எங்கே, இரண்டில் ஒன்று எங்கே! மேலே சொன்ன தாயும் தன் தாய்மாமனை மணந்தவளே. சொத்துப் பிரியாதிருக்கவும், பெண் கண்காணா ஊருக்குப் போகாதிருக்கவும் பெரியோர் அவ்வாறு செய்தனர். அறியாது செய்த அதனைக் குற்றமென்று யான் கூறேன். ஆனால் அறிந்தபின் அறியாதவர்போல் இருத்தல் தகாது.

உறவு மணத்தோடு இது முடிவதுமில்லை. சாதிக்குள்ளேயே மணப்பது சாதியின் உயிர்நிலை என்று பாபாசாகேப் 1916-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் பேசியது சமுதாயக் கேட்டைப்பற்றி. ஹைதராபாத்திலும் அமெரிக்காவிலும் உள்ள மரபியல் அறிஞர் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்று, தென்னாசியாவின் பல சமூகக் குழுக்கள் சிறு தொகையான முன்னோரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்து வந்தமையால், அந்தந்தக் குழுவுக்குள் மறைந்துகிடக்கும் ஒடுங்கு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. உயர்ந்தோர் எனப்பட்டவரும் தாழ்ந்தோர் எனப்பட்டவரும் இதற்கு விலக்கல்லர். இரத்தத்தின் தூய்மை என்று எதைப் போற்றினார்களோ, அதுவே பிழைகள் ஒன்றையொன்று சந்திக்கும் முச்சந்தியாயிற்று.

இவ்வறிவையும் பெண்ணைத் தள்ளிவைக்கும் கருவியாக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. "அவள் வீட்டில் அந்த நோய் இருக்கிறது; பெண் எடுக்காதீர்" என்று பேசத் தொடங்குவோமாயின், பழைய தீண்டாமைக்குப் புதிய பெயர் சூட்டினவர்களாவோம். குறையில்லாத மரபணுத் தொகுதியோடு பிறந்தவர் உலகில் ஒருவருமில்லை. நம் ஒவ்வொருவரிடமும் இத்தகைய ஊமைப் பிழைகள் சில உறங்குகின்றன. சோதனை வேண்டுமாயின் ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்துகொள்க. அடுத்த கருவைக் குறித்துத் தொடக்கத்திலேயே சோதித்தறியும் வழிகளும் உள. அதன்மேல் செய்ய வேண்டியதை அப்பெற்றோரே மருத்துவரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும். அதில் உத்தரவிடும் உரிமை என்னைப் போன்ற உபதேசிக்கு இல்லை.

பொருளும் உயிரும்

இனி இக்கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். இந்நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் அதன் விலை ஏழைக்கு மட்டுமன்று, நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாதது. உடல் எடைக்கேற்ப மருந்தின் அளவு கூடுவதால், குழந்தை வளர வளரச் செலவும் வளர்கிறது. மற்ற வீட்டில் பிள்ளை ஒரு கிலோ கூடினால் தாய் மகிழ்வாள். இவ்வீட்டில் மகிழ்வோடு அச்சமும் கூடும். இந்திய அரசாங்கம் 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. பொம்பே நோயும் அதில் இடம்பெற்றது. 2022-இல் உதவித்தொகையின் உச்ச வரம்பு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கெனக் குறிக்கப்பட்ட சிறப்பு மையங்களுள் பெங்களூரின் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. இது பெரிய உதவியே. ஆனால் சிகிச்சையோ வாழ்நாள் முழுவதற்கும் உரியது; தொகையோ எல்லைக்குட்பட்டது. தொகை தீர்ந்தபின் ஊசியை நிறுத்துவதா? ஒரு குழந்தையின் கையைப் பிடித்துப் பாதி ஆறு கடத்தி, நடுவெள்ளத்தில் விடுவதற்கு அது ஒப்பாகாதோ?

"ஒரு குழந்தைக்குச் செலவிடும் பணத்தில் ஆயிரம் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் பாலும் கொடுக்கலாமே, அதுவன்றோ அறம்?" என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியை எள்ளி ஒதுக்க முடியாது. கேட்பவர் கல்நெஞ்சர் என்றும் நான் கூறேன். ஆயினும் மூன்று விடைகள் சொல்லுவேன்.

முதலாவது: ஆயிரம் குழந்தைகளின் பாலைப் பறித்துத்தான் ஒரு குழந்தையைக் காக்க வேண்டும் என்னும் நிலை இயற்கை விதித்ததன்று. ஓர் அரசின் பணப்பெட்டியில் இவ்விரண்டு செலவு மட்டுமா இருக்கிறது? மற்றச் செலவுகளை எல்லாம் கேள்வியின்றி விட்டுவிட்டு, பாலுக்கும் மருந்துக்கும் மட்டும் சண்டை மூட்டிவிடுவது நேர்மையன்று.

இரண்டாவது: மருந்தின் விலையும் இயற்கை விதித்ததன்று. நோயாளிகள் சிலராக இருக்கும் நோய்க்கு மருந்து காண்பவருக்கு ஊக்கம் வேண்டுமென்று அமெரிக்கா 1983-இல் ஒரு சட்டம் இயற்றி, குறிப்பிட்ட காலத்துக்குத் தனி விற்பனை உரிமையும் அளித்தது. அச்சட்டத்தால் நன்மை விளைந்ததை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் போட்டியில்லாத சந்தையில் விலையை விற்பவரே வைக்கின்றனர். விலை மனிதர் வைத்தது. மனிதர் பேசிக் குறைக்கவும் கூடும். நம் நாட்டு ஆய்வாளரும் ஆலைகளும் முயன்றால் வேறு வழிகளும் பிறக்கும்.

மூன்றாவது: ஆலைத் தொழிலாளர் வாழ்விலிருந்தே ஒன்று சொல்லுகிறேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளர் அரசு காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ., ஏற்பட்டது. மாதந்தோறும் எங்கள் கூலியில் சிறு தொகையைப் பிடித்துக்கொள்வர். என்னோடு வேலை செய்தவர்களில் பல்லாண்டுகள் ஒரு நாளும் படுக்கையில் விழாதவர் இருந்தனர். அதே பிரிவில் மார்புநோய் கண்டு மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றவரும் இருந்தனர். "என் காசில் அவனுக்கு ஏன் மருந்து?" என்று நோயற்றவர் கேட்டு நான் அறியேன். ஏனெனில் இன்று அவன், நாளை நான் என்பது அவர்களுக்குத் தெரியும். பரம்பரை நோய் நான்கு சீட்டில் ஒன்றாக விழுவது என்று மேலே சொன்னோம். சீட்டு யார் கைக்கும் வரக்கூடியதாயின், அதன் சுமையையும் எல்லாரும் பகிர்ந்து ஏற்பதே நியாயம். நாற்பதாயிரம் பிறப்பில் ஒரு வீட்டுக்கு வரும் துன்பத்தை அவ்வொரு வீட்டின் தலைமேலேயே வைத்தால் அவ்வீடு நசுங்கிப்போகும். நாற்பதாயிரம் வீடும் தாங்கினால் ஒருவருக்கும் தோள் வலிக்காது.

நம் கடமை

வினை என்னும் சொல்லுக்குச் செயல் என்பதே நேர்ப்பொருள். அவ்வகையில் இந்நோயிலும் வினை உண்டு என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது குழந்தையின் வினையன்று, நம்முடைய வினை. நோயை மறைத்தது, பரிகாரம் என்று நாளைக் கடத்தியது, தாயைப் பழித்தது, மருந்துக்கு விலையைக் கூட்டியது, தொகைக்கு எல்லை கட்டியது ஆகிய இவையனைத்தும் இப்பிறவியில், இம்மனிதர் செய்யும் செயல்கள். இவற்றின் பயன் அக்குழந்தையின் மேல் விழுகிறது. தைவான் நாட்டில் 2005 முதல் பிறந்த குழந்தைகளின் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து இந்நோயைக் கண்டு, தளர்ச்சி முற்றுமுன் மருந்து தொடங்கினர். பிந்தித் தொடங்கிய குழந்தைகளைவிட அவர்கள் நன்கு தேறினர். ஆகவே இந்நோயில் ஒவ்வொரு வாரமும் தசையின் விலையாகும். பழி கூறி வீணாக்கும் வாரங்களும் அதில் சேர்ந்தனவே.

விநய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. வயிற்றுக்கடுப்புக் கண்ட பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே புரண்டு கிடந்தார். ஆனந்தரோடு அங்கு வந்த பகவன் அவரிடம் முதலில் கேட்டவை இரண்டு. உமக்கு என்ன நோய் என்பது ஒன்று. உம்மைக் கவனிக்க ஆள் உண்டா என்பது மற்றொன்று. முற்பிறவியில் நீர் செய்தது யாது என்று அவர் கேட்கவில்லை. பின்னர்ப் பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அதன்பின்பே சங்கத்தைக் கூட்டி, தம்மைப் பேண விரும்புபவர் நோயாளியைப் பேணுக என்று அறிவுறுத்தினார். எல்லாம் அறிந்தவர் என்று நாம் வணங்கும் அவரே கேளாத கேள்வியை நாம் கேட்பதற்கு யார்?

ஆதலின், அன்பர்களே, நம் சங்கத்தார் இதனை நடைமுறையாகக் கொள்ள வேண்டுகிறேன். கழுத்து நில்லாமலும் பால் குடிக்கையில் இரைத்தும் கிடக்கும் குழந்தையைக் கண்டால் தாயத்துக்கு ஓடாமல் குழந்தை மருத்துவரிடம் ஓடுங்கள். இதயத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். படியேற மாட்டாத பெரியவரைச் சோம்பேறி என்னாதீர்கள். நோயுள்ள வீட்டுக்குச் சென்றால் தீர்ப்போடு செல்லாமல் கஞ்சியோடு செல்லுங்கள். மருத்துவமனைக்கு அத்தாயோடு ஒருவர் துணை போகட்டும். ஒருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். ஒருவர் மற்றப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். உறவுக்குள் மணம் பேசும் பெரியோர் இவ்வறிவை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மருந்தின் விலையைக் குறைக்கவும் உதவியின் எல்லையை நீக்கவும் நாம் வாக்களித்து அனுப்பியவர்களிடம் ஒன்றுகூடிக் கேட்போம்.

"இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்று கேட்ட தாய்க்குப் பௌத்தன் கூறும் விடை இதுவே: அம்மா, உன் பிள்ளையும் பாவம் செய்யவில்லை, நீயும் செய்யவில்லை. நோய்க்குக் காரணம் உண்டு, அது கண்டறியப்பட்டிருக்கிறது. உன் வீட்டில் வந்தது ஒரு துன்பம்; தண்டனையன்று. துன்பமாயின் அது நம் எல்லாருக்கும் பொது.